மனைக்கல் நடும் முன் நிலத்தை நடந்து பார்த்தவர்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டைச் சித்திரை, வைகாசியில் பார்க்கிறவருக்கு அது ஒரே தட்டாகக் கிடக்கும் வெற்று நிலம். பருத்திமார் பிடுங்கப்பட்டிருக்கும். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்; சில வெடிப்புகளில் கையே நுழையும். தொலைவில் ஒரு வேம்பு, ஒரு பனை வரிசை, ஓரங்களில் சீமைக் கருவேலம். எந்தப் பக்கம் சரிவு, மேட்டுக்காட்டுத் தண்ணீர் எந்தப் பள்ளம் வழியாக இறங்கிக் கண்மாய்க்குப் போகிறது என்பதெல்லாம் ஐப்பசியில் அதே இடத்துக்குப் போனால்தான் புலப்படும். கரிசலில் ஓடைகளுக்கு உயர்ந்த கரை இருப்பதில்லை. ஆண்டில் பத்து மாதம் அவை வண்டிப்பாதையாகவும் ஆடு மேயும் தடமாகவும் இருக்கும். மீதி நாட்களில்தான் அவை ஓடை.

மனை விற்பனை சூடு பிடிப்பது அந்தப் பத்து மாதங்களில்தான். நான்குவழிச் சாலையை ஒட்டியும் ஊரிலிருந்து கிளம்பும் மற்றச் சாலைகளிலும் மானாவாரிப் புஞ்சைகள் சமப்படுத்தப்பட்டு, வண்ணம் பூசிய கற்கள் நடப்பட்டு, நுழைவாயில் வளைவு எழும்புகிறது. உள்ளாட்சி அலுவலகத்துக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அந்த நிலம் ஒரு வரைபடமாகவே வந்து சேர்கிறது. சாலையின் அகலம், பூங்காவுக்கு ஒதுக்கிய பரப்பு, மனைகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். ஐப்பசி மாதம் மட்டும் இருக்காது.

இப்படிப்பட்ட வரைபடங்களைக் கையில் வாங்கி, அவற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒருவர் நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நகரமைப்பு படிக்கிறவர்கள் உலகெங்கும் அறிந்த பெயர் அவருடையது: பேட்ரிக் கெடிஸ். நம் ஊர்களின் திட்டங்களைப் பரிசீலித்து எழுதிய அவரை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை படைப்பிரிவில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகருக்கு அருகே குடியேறியது. கடைக்குட்டியான பேட்ரிக், தந்தையோடு தோட்டத்தில் உழைத்தும் மலைச்சரிவுகளில் சுற்றியும் வளர்ந்தார். கொஞ்ச காலம் வங்கி வேலை. பின்னர் தாவரவியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரே வாரத்தில் அதைத் துறந்து லண்டனுக்குப் போய், டார்வினின் கொள்கைக்காக வாதாடிப் புகழ்பெற்ற தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவரானார். முறையான பட்டம் எதையும் அவர் கடைசிவரை பெறவில்லை. பட்டமில்லாத அந்த மனிதர்தான் பிற்காலத்தில் டண்டியில் தாவரவியல் பேராசிரியராகவும் பம்பாயில் சமூகவியல் பேராசிரியராகவும் இருந்தார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு நோய். 1879இல், இருபத்தைந்து வயதில், ஆய்வுக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது அவருக்குப் பார்வை மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. நுண்ணோக்கியே கதியென்று இருக்க வேண்டிய உயிரியலாளனுக்கு அதைவிடப் பெரிய இடி இருக்க முடியாது. அந்த இருட்டில் ஜன்னல் சட்டத்தின் கட்டங்களை விரலால் தடவித் தடவி, எண்ணங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது. காகிதத்தை மடித்துக் கட்டங்களாக்கி அவற்றுக்குள் சிந்தனையை நிரப்பும் அந்த முறையை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. பார்வை மீண்டது, ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் வேலை செய்யும் வலு மீளவில்லை. செல்லைப் பார்க்க வேண்டிய கண், ஊரைப் பார்க்கத் திரும்பியது. ஓர் உயிரி தன் சூழலோடு எப்படிப் பொருந்தி வாழ்கிறதோ, அப்படியே ஊரும் தன் நிலத்தோடும் நீரோடும் தொழிலோடும் பொருந்தி வளர்கிறது என்பது அவருடைய எல்லாப் பணிகளுக்கும் அடியில் ஓடிய எண்ணம்.

1886இல் அன்னா மார்ட்டனை மணந்தார். மறு ஆண்டில் இருவரும் எடின்பரோவின் பழைய நகரில், நெரிசலும் அழுக்கும் மிகுந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்துக் குடியிருப்புக்கு வீடு மாறினார்கள். படித்தவர்கள் அங்கிருந்து வெளியேறிப் புதுநகர்ப் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கணவனும் மனைவியும் முதலில் தங்கள் குடியிருப்பைத் துடைத்தார்கள். பிறகு முற்றத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். இடிந்து விழும் நிலையில் இருந்த ஓரிரு கட்டடங்களை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் வர வழி செய்து, மற்றவற்றைப் பழுதுபார்த்தார்கள். மாணவர்களே நிர்வகிக்கும் விடுதியும் அங்கே உருவானது. பழைய குடியிருப்பை மொத்தமாக இடித்துவிட்டு நேர்க்கோட்டுத் தெரு போடுவதே சீர்திருத்தம் என்று கருதிய அக்கால நகர நிர்வாகத்துக்கு இது வேடிக்கையாகப் பட்டிருக்கும். தன் முறையைப் பின்னாளில் அவர் அறுவை மருத்துவத்தோடு ஒப்பிட்டார்: உறுப்பைக் காப்பாற்றுவதற்காகக் குறைந்த அளவே கத்தி வைப்பது.

1892இல் அதே தெருவின் மேட்டில் ஓர் உயரமான கட்டடத்தைப் பெற்று அவுட்லுக் டவர் என்னும் காட்சிக்கூடத்தை அமைத்தார். உச்சியில் நின்று ஊரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். அடுத்த தளத்தில் எடின்பரோ, அதற்கடுத்து ஸ்காட்லாந்து, அப்படியே இறங்கி ஐரோப்பா, கடைசியாகத் தரைத்தளத்தில் உலகம். தன் தெருவை அறியாதவன் உலகத்தை அறிய முடியாது என்று கட்டடத்தாலேயே சொன்ன மனிதர் அவர்.

அவர் வரைந்து காட்டிய இன்னொரு படமும் பிரபலமானது. மலையிலிருந்து கடல் வரை நிலத்தைக் குறுக்காக வெட்டினால் தெரியும் காட்சி: மேலே சுரங்கத் தொழிலாளி, பிறகு மரம் வெட்டுபவர், வேட்டைக்காரர், ஆடு மேய்ப்பவர், உழவர், தோட்டக்காரர், கடைசியில் மீனவர். ஒவ்வொரு உயரத்திலும் மண் வேறு, தண்ணீர் வேறு, எனவே தொழிலும் வீடும் வேறு. குறிஞ்சி முதல் நெய்தல் வரை திணை வகுத்த மொழிக்கு இது புதுச் செய்தியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்கி, கழுகுமலைப் பாறையைத் தாண்டி, கோவில்பட்டி கரிசலில் இறங்கி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி உப்பளத்தில் போய் முடியும் ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தால், கெடிஸின் படம் நமக்காகவே வரையப்பட்டதுபோல் இருக்கும்.

எல்லா இடங்களிலும் அவருக்கு வரவேற்பு கிடைத்துவிடவில்லை. டன்ஃபர்ம்லின் நகரில், செல்வர் ஆண்ட்ரூ கார்னெகி அளித்த நிதியில் ஒரு பூங்காவையும் பண்பாட்டு நிலையங்களையும் திட்டமிட 1903இல் அழைக்கப்பட்டார். ஒவ்வொரு ஓடையையும் ஒவ்வொரு பழைய சுவரையும் படமெடுத்து, பெரியதொரு நூலாக அறிக்கை எழுதிக் கொடுத்தார். அறக்கட்டளையினர் அதை ஏற்கவில்லை. நூல் மட்டும் 1904இல் வெளிவந்து பேர் பெற்றது. அவர் கேட்டதற்கு மேலாக எழுதுகிறவர். கேட்டவர்களுக்குப் பொறுமை இருக்காது. இந்தக் கதை அவர் வாழ்வில் பலமுறை திரும்ப நடந்தது.

ஸ்காட்லாந்து விவகாரங்களுக்கு அமைச்சராக இருந்த பென்ட்லண்ட் பிரபு 1912இல் சென்னை மாகாண ஆளுநரானார். ஊர்களின் சுகாதாரமும் நெரிசலும் அப்போது அரசைக் கவலைப்பட வைத்திருந்தன. பிளேக்கும் காலராவும் மாறி மாறி வந்த காலம். கெடிஸைத் தன் நகரக் கண்காட்சியோடு இந்தியாவுக்கு வருமாறு பென்ட்லண்ட் அழைத்தார். 1914இன் பிற்பகுதியில், அறுபது வயதில், கெடிஸ் மகன் அலஸ்டேரோடு வந்து சேர்ந்தார். கண்காட்சி வரவில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த வரைபடங்களும் படங்களும் ஏற்றப்பட்டிருந்த கிளான் கிராண்ட் என்னும் கப்பலை, செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன், அக்டோபரில் கடலில் மூழ்கடித்துவிட்டது. சாமர்த்தியசாலியை எம்டன் என்று சொல்லும் வழக்கத்தை நமக்குத் தந்த கப்பல், அந்தப் பேராசிரியரின் வாழ்நாள் சேகரிப்பைக் கொண்டுபோனது. நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய வேறு படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

அதன்பின் மாகாணத்தின் ஊர் ஊராகச் சுற்றினார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர், நம் கரிசலுக்குத் தூரத்து உறவான கறுப்பு மண் பூமியில் இருக்கும் பெல்லாரி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கோவில்பட்டி அன்று நகராட்சியாக இல்லை. அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. எட்டயபுரம் ஜமீன் எல்லைக்குள், 1876இல் வந்த ரயிலால் பருத்திச் சந்தையாக வளர்ந்துகொண்டிருந்த ஊர் அது. மானாவாரிச் சாகுபடியை ஆராய 1901இல் தொடங்கிய அரசு வேளாண் பண்ணையும் அங்கே இருந்தது. ஊரைக் கட்டுவதற்கு முன் மண்ணைப் படிக்கும் ஒரு நிலையம் கோவில்பட்டியில் கெடிஸுக்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஓர் ஊருக்குப் போனதும் அவர் செய்தது எளிமையான காரியம்தான். நகராட்சிப் பொறியாளர் தயாரித்திருந்த திட்ட வரைபடத்தை வாங்கிக்கொள்வார். பிறகு பல நாள் சந்து சந்தாக நடப்பார். எந்த வீடு பாழடைந்தது, எது சிறு பழுதோடு நிற்கிறது, எங்கே ஒரு மரத்தடி, எங்கே ஒரு சிறு கோயில், எந்தக் கிணற்றில் பெண்கள் கூடுகிறார்கள், மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வரைபடத்தில் குறிப்பார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைப்பதற்காகப் பழைய வீடுகளின் ஊடே நேரான புதுத் தெருக்களைப் போட நகராட்சி எண்ணியிருந்தது. அந்தக் கோடுகள் எத்தனை குடும்பங்களின் மேல் ஏறிச் செல்கின்றன என்பதை அவர் நடந்து பார்த்துக் கண்டறிந்தார். இருக்கும் சந்துகளையே ஆங்காங்கே சற்று விரித்து, ஏற்கெனவே இடிந்த மனைகளைத் திறந்த வெளியாக்கி, மரம் வைத்தால் அதே பயன் கிடைக்கும், செலவோ அதில் ஒரு சிறு பங்குதான் என்று மாற்றுப் படம் வரைந்து காட்டினார். முன்பு, பின்பு என்று இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து அவர் காட்டியது, இன்றைக்கும் நகரமைப்பு மாணவர்கள் படிக்கும் பாடம்.

வீட்டுத் தெருக்களுக்குத் தேவைக்கு மேல் அகலம் கொடுப்பதை அவர் எதிர்த்தார். வெயில் நாட்டில் அகலமான தெரு நிழலைக் கெடுக்கும், புழுதியைக் கூட்டும், பராமரிப்புச் செலவை உயர்த்தும், மனைக்குப் போக வேண்டிய நிலத்தைத் தின்னும் என்பது அவர் கணக்கு. முதன்மைச் சாலை அகலமாக இருக்கட்டும், வீட்டு வாசலுக்குப் போகிற பாதை ஒடுக்கமாக இருந்து, மிச்சமாகும் நிலம் தோட்டமாகவும் விளையாட்டு இடமாகவும் ஆகட்டும் என்று எழுதினார்.

குளங்கள் விஷயத்தில் அவர் எடுத்த நிலைப்பாடு இன்னும் கூர்மையானது. கொசுவையும் மலேரியாவையும் ஒழிக்கக் குளங்களைத் தூர்ப்பதே வழி என்று அன்றைய சுகாதார அதிகாரிகள் பலர் நம்பினர். கெடிஸ் உயிரியலாளர். குளத்தில் மீனும் வாத்தும் இருந்தால் கொசுப்புழு மிஞ்சாது. குளம் ஊரின் காற்றைக் குளிர்விக்கும், கிணற்றுக்கு ஊற்றாக இருக்கும், பெருமழையை வாங்கிக்கொள்ளும் என்று அறிக்கைக்கு அறிக்கை வாதாடினார். கண்மாயையும் ஊருணியையும் வெட்டி வைத்தவர்களைப் பொறியாளர்களாக மதித்த வெள்ளைக்கார ஆலோசகர் அக்காலத்தில் அரிது.

1917 அவரை உடைத்த ஆண்டு. ஏப்ரலில் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் இறந்தான். அன்னா அப்போது இந்தியாவில் விஷக்காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் கெடிஸ் மறைத்தார். சில வாரங்களில் அன்னாவும் கண்மூடினார். அந்தத் துயரத்தோடுதான் இந்தூர் சமஸ்தானத்துக்கான பணியில் இறங்கினார். 1918இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்த அறிக்கை, அவருடைய இந்தியப் பணிகளில் மிகப் பெரியது.

இந்தூரில் பிளேக் இருந்தது. நகரமைப்புக்காக வந்த வெள்ளைக்காரரைப் பார்த்து, வீட்டை இடிக்க வந்தவர் என்று மக்கள் அஞ்சினார்கள். தீபாவளி நெருங்கியபோது, ஒரு நாள் மட்டும் தன்னை அரசராக அறிவிக்குமாறு மகாராஜாவிடம் கெடிஸ் கேட்டுக்கொண்டார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதைகளில் போகாது, எந்தத் தெருவில் அதிக வீடுகள் துப்புரவாக்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறதோ அந்தத் தெரு வழியாகவே போகும் என்று அறிவித்தார். ஊரே வெள்ளையடித்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் யானைகளும் குதிரைகளும் போயின. பிளேக்கைக் குறிக்கும் பெரிய எலியும் அழுக்கு அரக்கனும் இழுத்துச் செல்லப்பட்டுக் கொளுத்தப்பட்டன. வெள்ளுடை அணிந்து மாலை சூடிய துப்புரவுத் தொழிலாளர்கள் அந்த ஊர்வலத்தில் மரியாதையோடு சென்றார்கள். ஒரு நகரத் திட்டம் மக்கள் கையில் எப்படிச் சேரும் என்பதற்கு, ஆயிரம் பக்க அறிக்கையை விட அந்த ஒருநாள் அரசாட்சியே நல்ல சான்று என்பது என் எண்ணம்.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் முதல் பேராசிரியரானார். ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தாகூரோடு நட்பும் கடிதத் தொடர்பும் கொண்டார். 1925இல் அவர் வகுத்த ஒரு மனைப்பிரிவு, அதாவது வெற்று மணல்மேட்டில் புதிய குடியிருப்புக்கான திட்டம், இன்றும் அப்படியே நிற்கிறது. அது டெல் அவிவ் நகரின் விரிவாக்கம். சிறு சிறு மனைகள். மனைக்கு ஒரு தாழ்ந்த வீடு. வீடுகள் சூழ நடுவே ஒரு சிறு பொதுத் தோட்டம். உள்ளே ஒடுக்கமான பாதைகள், வெளியே அகலமான சாலைகள். பின்னாளில் கட்டடங்களின் உயரம் கூடியது. அவர் போட்ட தெருக்களின் அமைப்பு கலையவில்லை. அந்தப் பகுதி 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பூங்கா என்பது மனை விற்றது போக எஞ்சிய மூலை அல்ல. முதலில் பூங்காவைக் குறித்துவிட்டு, அதைச் சுற்றி மனை அளந்தவர் அவர்.

சென்னை மாகாணம் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது? அவருக்குப் பின் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் மாகாணத்தின் நகரமைப்பு ஆலோசகராக இருந்தார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. திட்டம் போடும் அதிகாரம் சட்டத்தில் ஏறியது. நடந்து பார்க்கும் பழக்கம் ஏறவில்லை. 1923 முதல் மாம்பலத்தின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நடுவில் வட்டப் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள் என்று வரைபடத்தில் பார்க்க அழகான மனைப்பிரிவு அது. 2021 நவம்பரில் அந்தத் தெருக்களில் தேங்கிய வெள்ளம் தன் பழைய முகவரியை நினைவில் வைத்திருந்தது.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அது வந்த பின்னும் ஊராட்சிப் பகுதிகளில் அங்கீகாரமில்லாத மனைகள் ஆயிரக்கணக்கில் விற்றுத் தீர்ந்தன. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்த பிறகே அரசு அசைந்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை உருவானவற்றுக்கு அவை கதவைத் திறந்தன. 2019இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்தன. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்த வெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் தேவையான விதிகளே. இவை இல்லாத காலத்தில் மனை வாங்கி, பாதையும் இல்லாமல் பத்திரமும் செல்லாமல் அலைந்தவர்களைக் கேட்டால் இவற்றின் அருமை தெரியும். ஆனால் இந்த விதிகளுக்குத் தஞ்சை வண்டலும் கோவில்பட்டி கரிசலும் ஒன்றுதான். நன்செய்யை மனையாக்குவதில் உள்ள கெடுபிடி புஞ்சைக்கு இல்லை. தண்ணீர் இல்லாத நிலத்தில் தண்ணீரால் என்ன கேடு வரும் என்பதே நினைப்பு.

கரிசலின் குணம் வேறு. ஈரம் பட்டால் அந்தக் களிமண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆண்டுதோறும் இந்த மூச்சு நடக்கும். மேலோட்டமாக அஸ்திவாரம் போட்ட வீட்டின் சுவர் இரண்டு மழைக்காலத்தில் கோணலாக வெடிக்கும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் சரளையோ சுண்ணாம்புப் பாறையோ தட்டும்வரை தோண்டச் சொன்னார்கள். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே அடியில் குமிழ் விரிந்த தூண் அஸ்திவார முறையை உருவாக்கித் தந்திருக்கிறது. இரண்டுக்கும் செலவு அதிகம். தீப்பெட்டி ஆலையிலும் பஞ்சாலையிலும் கடலைமிட்டாய்க் கடையிலும் உழைத்துச் சேர்த்த காசில் மூன்று சென்ட் வாங்குகிற குடும்பத்துக்கு, மனையின் விலைக்கு அடியில் இப்படி ஒரு விலை புதைந்திருப்பதை எந்த அங்கீகாரக் கடிதமும் சொல்வதில்லை. மேட்டுக்காட்டுத் தண்ணீர் போக வேண்டிய தாழ்வில் செம்மண் அடித்து உயர்த்திவிட்டால், அது பக்கத்துச் சம்சாரியின் உளுந்துக் காட்டில் நிற்கும், அல்லது கண்மாய்க்குப் போகாமலே திசை மாறும். மானாவாரி நாட்டில் கண்மாய்க்கு வராத ஒரு மழை என்பது ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு கோடையின் குடிநீர்.

அங்கீகாரம் கொடுக்கும் முன் தல ஆய்வு உண்டு. அது கெடிஸ் நடந்த நடையாக மாறுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஐப்பசி, கார்த்திகையைக் கடந்த பிறகே கரிசல் மனைப்பிரிவின் சரிவையும் ஓடையையும் உறுதி செய்வது. புல வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று கோடு இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓடும் தாழ்வைத் திறந்த வெளிக்கான பத்து விழுக்காட்டுக்குள் கொண்டுவருவது. மேல்காட்டுக்காரரையும் கீழ்க்காட்டுக்காரரையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்பது. மண் பரிசோதனை முடிவை மனை வாங்குகிறவர் கையில் கொடுக்கச் செய்வது. நகராட்சி மன்றமும் ஊராட்சியும் இறுதி அனுமதி தரும் இடத்தில் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வியும் அங்கேதான் எழ வேண்டும். விற்பனை ஆறு மாதம் தாமதமாகும் என்பதுதான் வரக்கூடிய ஆட்சேபம். கட்டிய வீட்டில் முப்பது ஆண்டு வாழப்போகிறவரின் பக்கம் நின்று பார்த்தால் அந்த ஆறு மாதம் பெரிதல்ல.

கெடிஸை முழுமையான மனிதராகக் காட்ட வேண்டியதில்லை. அவருடைய எழுத்து சுற்றி வளைத்துப் போகும். ஒரு குளத்தைப் பற்றித் தொடங்கிக் கிரேக்கத் தெய்வங்களில் முடியும். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். தாடிக்குள் அவர் முணுமுணுப்பது பின் வரிசைக்குக் கேட்காது. தொடங்கிய பல காரியங்களை முடிக்கவில்லை. ஆளுநர்களும் மகாராஜாக்களும் அழைத்து வந்த ஆலோசகர் என்ற நிலையிலிருந்தே அவர் மக்களுக்காகப் பேசினார். அதிகாரம் மாறியதும் அவர் சொல் அலமாரிக்குப் போயிற்று. அவர் நடையை மற்றவர்கள் நடக்கும்படி ஓர் அலுவலக முறையாக அவர் விட்டுச் செல்லவில்லை. இந்தியா விடுதலை பெற்ற 1947இல்தான் ஜாக்குலின் டிர்விட் என்னும் நகரமைப்பாளர் அந்த இந்திய அறிக்கைகளிலிருந்து பகுதிகளைத் தொகுத்து லண்டனில் நூலாக வெளியிட்டார்.

உடல்நிலை கெட்டு 1924இல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். தெற்குப் பிரான்சில் மோன்பெலியே நகருக்கு வெளியே, கல்லும் முள்ளும் மண்டிய ஒரு வறண்ட குன்றை வாங்கி, அதில் மாணவர் இல்லம் கட்டத் தொடங்கினார். எழுபது வயதில் அந்தச் சரிவை நடந்து நடந்து பார்த்து, எந்த இடத்தில் மண் நிற்கும், எந்த இடத்தில் மழைநீர் இறங்கும் என்று குறித்து, கல் அடுக்கித் தோட்டம் போட்டார். பிரிட்டிஷ் அரசு 1932இன் தொடக்கத்தில் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. அந்த ஏப்ரல் 17 அன்று, அதே குன்றில் அவர் காலமானார்.